ஆயா விழுங்கின எழுத்தை நான் போடலாமா?

ஆயாபேத்தி (தண்டையார்பேட்டை) கேட்டது:

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், விஷயம் கொஞ்சம் நீளம்.

நான் டி.எச். ரோட்டில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, பதினாறாம் நாள் காரியக் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் என் கையில்தான். 19 வருஷமாச்சு. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றது, போன ஐப்பசியில் தவறிவிட்டது. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் வைத்து, கொருக்குப்பேட்டை வரைக்கும் தெருத்தெருவாக விற்ற மனுஷி. ('அது' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் பாசம் முற்றினால் அஃறிணைதான்.)

கடைசி இரண்டு வருஷம், மத்தியானம் சாப்பிட்டு முடித்து ஆயா வெற்றிலைப் பையைப் பிரிக்கும் நேரத்தில் போனைப் பக்கத்தில் வைத்துப் பேச்சைப் பதிந்துகொண்டேன். மொத்தம் 11 பதிவு, 3 மணி 40 நிமிடம். அதை எழுத்தாக்கி, வருஷ நினைவுக்குள் சின்னப் புத்தகமாக அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. பாதி அடித்துவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஆயா பேசும்போது பாதி எழுத்தை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிவிடும். உதாரணத்துக்கு ஒன்று:

"கூடைய எறக்கி வச்சிக்கினு குந்திக்கினு கீறேன், அவன் வந்து இத்த இன்னா வெலன்றான்."

இதை அப்படியே அடித்தால் எங்கள் மாமா, "கெழவி பேசினத அப்படியே போட்டு மானத்த வாங்குறியா" என்கிறார். விழுங்கினதையெல்லாம் எடுத்துப் போட்டு, "கூடையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டு இருக்கிறேன், அவன் வந்து இதை என்ன விலை என்கிறான்" என்று அடித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பேசுவது ஆயா இல்லை, ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மா. போனில் அடித்தால் இன்னும் மோசம், 'கீது' என்று போட்டால் 'கீதா' என்று திருத்திக்கொடுக்கிறது. ஆயாவின் கதை முழுக்க ஒரு கீதா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இது எழுத்துப் பிரச்சினை. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஆயா விஷயத்தையே விழுங்கும்.

தாத்தா பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தக் காலத்து மனுஷிகள் யாருமே சொல்ல மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் பேர் கேட்டால் "பழனியில கீறவரு" என்னும். கடைக்காரர் முருகனா, வேலனா, தண்டபாணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வர, சரியானது வந்ததும் தலையை ஆட்டும். அது பரவாயில்லை, பேர் எங்களுக்குத் தெரியும்.

ஏழாவது பதிவில் "எனுக்கு அஞ்சு" என்கிறது. பிள்ளைகளைச் சொல்கிறது. ஆனால் எங்களுக்குத் தெரிந்து நாலு பேர்தான். பெரியப்பா, பெரிய அத்தை, எங்கப்பா, சின்ன அத்தை. நாலு பேரும் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். பத்து நிமிடம் கழித்து, வேறு எதையோ சொல்லிக்கொண்டே வரும்போது நடுவில் இப்படி ஒரு வரி: "மூணாவது வந்தா, தங்கல." அவ்வளவுதான். அடுத்த வரி மழையில் கருவாடு நனைந்த கதை.

வந்தா என்றால் வந்தாளா, வந்தானா? 'தங்கல' என்பதை வைத்து ஒன்றும் தெரியவில்லை, தங்கவில்லை என்பதற்கு ஆண் பெண் கிடையாது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் குக்கர் வேறு விசில் அடிக்கிறது. நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை.

எழுத்தை நான் நிரப்பலாமா? விஷயத்தை நிரப்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தமிழ்ச்செல்வன்:

கீது, குந்து, இன்னா எல்லாம் தமிழே அல்ல. கொச்சையை அச்சில் ஏற்றுவது மொழிக்குச் செய்யும் தீங்கு. முழுவதும் திருத்தி எழுதுங்கள். மூதாட்டிக்கும் அதுதான் மரியாதை.

---

பெரம்பூர் வாத்தியார்:

மேலே எழுதிய தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் 34 வருடம் தமிழ் நடத்தினேன். 'கீது' என்று எழுதிய பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவன்தான். ஆனால் அதே கையால் அடுத்த வகுப்பில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை எழுதிப்போட்டிருக்கிறேன். தாமரை என்பதில் தலை போய் 'மரை' என்று நின்றால் முதற்குறை. ஓந்தியில் நடு எழுத்து போய் 'ஓதி' என்றால் இடைக்குறை. நீலத்தில் வால் போய் 'நீல்' என்றால் கடைக்குறை. மூன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.

இப்போது 'இருக்கிறது' என்பதை எடுங்கள். தலையில் 'இரு' போய்விட்டது. நடுவில் 'ற' போய்விட்டது. போன எழுத்துக்கு ஈடு கொடுப்பதுபோல 'கி' நீண்டு 'கீ' ஆனது. ஒரே சொல்லில் முதற்குறையும் இடைக்குறையும். நன்னூல் இந்தச் சலுகையைச் செய்யுளுக்கு மட்டும்தான் கொடுத்தது, அதை மறைக்கவில்லை. உங்கள் ஆயாவுக்கு அந்தச் சலுகையைத் தர எனக்குச் சம்மதம்.

விழுங்குவதை நம் இலக்கணக்காரர்கள் அளந்தே வைத்திருக்கிறார்கள். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை. மகரக்குறுக்கத்துக்குக் கால். 'தலை' என்னும்போது 'லை' இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டியது, ஒன்றாகக் குறைகிறது. அது ஐகாரக் குறுக்கம். புலவர் 'தலை' என்று சொல்வதற்கும் உங்கள் ஆயா 'தல' என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு சந்து அளவு தூரம்தான்.

எழுதுகிறவர்களும் விட்டுத்தான் எழுதினார்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதிப் போனார்கள். எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வடிவ வேறுபாடு இல்லாமல் கிடந்ததைச் சீர்செய்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வோம், அவரோ 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். அதுவரை ஏடு படித்தவர்கள் எல்லாரும் இல்லாத புள்ளியைத் தாங்களே வைத்துக்கொண்டு படித்தவர்கள்தான்.

ஆகவே என் கருத்து, எழுத்தை ஆயா விட்டபடியே விடுங்கள். அந்த 'வந்தா' பற்றி எனக்குப் பதில் தெரியவில்லை அம்மா. மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன்.

---

ஆயாபேத்தி:

நன்றி ஐயா. நீங்கள் நோட்டில் சுழித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன் போல.

செந்தமிழ்ச்செல்வன் அண்ணா, ஆயாவுக்கு எது மரியாதை என்று ஆயாவைக் கேட்டால் "துன்னியா?" என்று கேட்டிருக்கும். அதைச் 'சாப்பிட்டீர்களா' என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை.

---

முன்னாள் கண்டக்டர்:

கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கச்சி, நீ எழுதினதிலேயே எத்தனை விழுங்கியிருக்கிறாய், பார்த்தாயா? டி.எச். ரோடு என்றாய். திருவொற்றியூர் ஹைரோடு என்று முழுசாகச் சொல்லி இந்தப் பக்கம் யாரையும் நான் கேட்டதில்லை. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றாய். வடசென்னையில் எத்தனை குடும்பம் அங்கே பிறந்தது! ராஜா சர் ராமசாமி முதலியார் என்று யாரையாவது சொல்லச் சொல், பார்ப்போம். டோல்கேட் என்றாய். கேட்டும் இல்லை, டோலும் இல்லை. 2021-இல் மெட்ரோக்காரர்கள் அங்கே ஒரு ஸ்டேஷன் திறந்து அதற்கும் டோல்கேட் என்றே போர்டு வைத்துவிட்டார்கள். அந்தப் பாதையின் கடைசியில் விம்கோ நகர். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டித் தொழிற்சாலை. தீப்பெட்டி போயாச்சு, முதலெழுத்து மட்டும் நின்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது பாரிஸ். பஸ்ஸில் ஏறி "பாரிஸ் ஒண்ணு" என்பார்கள். புதிதாக வந்த ஒரு பையன், பிரான்சுக்குப் பஸ் போகுதா என்று என்னையே கலாய்த்தான். தாமஸ் பாரி என்று ஒரு வெள்ளைக்காரர் 1788-இல் இங்கே வியாபாரம் ஆரம்பித்தார். அவருடைய முனை, அதனால் இங்கிலீஷில் பாரிஸ் கார்னர். அந்த 'ஸ்' என்றால் 'உடைய' என்று அர்த்தமாம், என் மகள் சொன்னாள். நாம் முனையை விட்டுவிட்டு 'உடைய'வை வைத்துக்கொண்டோம். "பாரியுடைய ஒண்ணு, பாரியுடைய ரெண்டு" என்று இருபது வருஷம் டிக்கெட் கிழித்திருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாப்பிங் பேர் தெரிந்தவனுக்குப் பாதி சொன்னால் போதும். வெளியூர்க்காரன் ஏறினால் முழுசாகச் சொல்லணும். உன் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள்?

---

ஆயாபேத்தி:

அண்ணா, உண்மையாகவே சிரித்துவிட்டேன். கடையில் நானும் விலாசம் அடிக்கும்போது 'சென்னை-81' என்றுதான் போடுகிறேன். 600-ஐ யாரும் கேட்டதில்லை.

படிக்கப்போவது சொந்தக்காரர்கள்தான். ஆனால் அத்தைப் பேரன்கள் இரண்டு பேர் பெங்களூரில் வளர்கிறார்கள். அவர்களுக்குக் 'கீது' தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள்.

---

கோடும் புள்ளியும்:

நான் 31 வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய வண்ணாரப்பேட்டை. விட்டு எழுதுவதையே தொழிலாகச் செய்து பென்ஷன் வாங்குகிறவன் என்ற தகுதியில் இரண்டு வார்த்தை.

நாங்கள் படித்தது பிட்மன் முறை. 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்டது. மெய்யெழுத்துக்கு ஒரு கோடு, உயிருக்குச் சின்னப் புள்ளி அல்லது சின்னக் கோடு. வேகம் வந்ததும் உயிரையெல்லாம் விட்டுவிடச் சொல்வார்கள். 'பேட்', 'பெட்', 'பிட்' மூன்றுக்கும் கோடு ஒன்றே. ஆனால் நோட்டில் போட்டிருக்கும் வரிக்கு மேலே எழுதினால் ஒன்று, வரியைத் தொட்டு எழுதினால் ஒன்று, வரியை வெட்டி எழுதினால் ஒன்று. விட்ட உயிரை இடம் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் சந்தேகம் வரும் என்று தோன்றுகிற சொல்லுக்கு மட்டும் புள்ளியை வைத்துவிட வேண்டும். எந்தச் சொல்லுக்குச் சந்தேகம் வரும் என்பது எழுதும்போதே தெரிய வேண்டும், அதில்தான் ஆளின் திறமை. சாயங்காலம் டைப் அடிக்க உட்காரும்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

விஷயத்தை விழுங்குவது பற்றி. சாட்சிக்கூண்டில் ஏறுகிற நம் ஜனங்கள் எழுவாயைச் சொல்லவே மாட்டார்கள். "அடிச்சாங்க" என்பார்கள். யார்? தமிழில் தோன்றா எழுவாய் என்று விட்டுவிடலாம். பதிவு ஆங்கிலத்தில் போகும்போது யாரையாவது போட்டே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் சாட்சியத்தில் "அடிச்சாங்க" என்பதை 'அவர்கள் பலர்' என்ற பொருளில் அடித்துவிட்டேன். குறுக்கு விசாரணையில்தான் தெரிந்தது, அடித்தது மாமியார் ஒருத்தி. அந்தப் பெண் மரியாதைக்காக 'ங்க' போட்டிருக்கிறாள்! ஒரு கும்பலையே நான் உள்ளே நுழைத்திருந்தேன். நல்லவேளையாக அன்றைக்கே திருத்தினார்கள். அதற்குப் பிறகு சொல்லாததை நான் நிரப்பியதே இல்லை. நிரப்ப வேண்டி வந்தால் கேட்டுவிட்டுத்தான்.

உங்களுக்குக் கேட்க ஆளில்லை என்பது புரிகிறது. பெரிய அத்தை இருக்கிறார்களா? இரண்டாவது பிள்ளை என்றால் மூன்றாவது பிறந்தபோது அவருக்கு விவரம் தெரிந்திருக்கலாமே.

---

மூக்கொலி (வியாசர்பாடி):

அக்கா, நான் மொழியியல் முதுகலை படிக்கிறேன். உங்கள் 'வந்தா'வுக்கு ஒரு வழி இருக்கிறது.

'வந்தான்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்'னை நாம் வாயால் சொல்வதில்லை. நாக்கு மேலே போய் ஒட்டுவதே இல்லை. ஆனால் அது சும்மா போவதில்லை, போகிற போக்கில் முன்னால் இருக்கிற 'ஆ'வை மூக்கால் ஒலிக்க வைத்துவிட்டுப் போகிறது. 'மரம்', 'பணம்' எல்லாமே அப்படித்தான். 'வந்தாள்' என்பதில் 'ள்' தடம் தெரியாமல் போய்விடும், 'ஆ' சுத்தமாக வாயில்தான் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பேச்சுவழக்கில் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் கடைசி 'ஆ'வில் குரல் அடைக்கும், இன்னொன்றில் அடைக்காது.

ஆயாவின் மூக்கை இப்போது பிடிக்க முடியாது. (மன்னிக்கவும்.) ஆனால் 3 மணி 40 நிமிடம் கையில் இருக்கிறதே. ஐயமில்லாமல் ஆண் என்று தெரிகிற ஒரு 'வந்தா'வையும், பெண் என்று தெரிகிற ஒரு 'வந்தா'வையும் பதிவிலிருந்து வெட்டி எடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மூன்றையும் வரிசையாக வைத்து இயர்போனில் கேளுங்கள். ஒரே குரல், ஒரே போன், அதனால் காது ஏமாறாது. குக்கர் விசில் மேல் சுருதி, அதைக் கொஞ்சம் வடிகட்டலாம்.

இன்னொன்று, இது கேள்விக்கு வெளியே. 'கொண்டு' என்ற சொல் மதுரைப் பக்கம் 'கிட்டு' ஆனது, நம் பக்கம் 'கினு' ஆனது. அங்கே 'ண்' போய் 'ட்' தங்கியது, இங்கே 'ட்' போய் மூக்கெழுத்து தங்கியது. ஒரு சொல்லை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், நாம் மானத்தை வாங்கவில்லை, நம் பங்கைத்தான் வாங்கினோம்.

---

ஆயாபேத்தி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முகூர்த்த மாசம், கடையில் தலை நிமிர முடியவில்லை.

தம்பி சொன்னபடியே செய்தேன். கடையை மூடினதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஆணுக்கு, இரண்டாவது பதிவில் போலீஸ்காரன் கூடையை எட்டி உதைத்த கதை கிடைத்தது, "ஒருத்தன் வந்தா" என்று. பெண்ணுக்கு, சின்ன அத்தை புருஷன் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த கதை. மூன்றையும் வெட்டி வரிசையாக வைத்தேன். போலீஸ்காரன், அத்தை, மூணாவது. போலீஸ்காரன், அத்தை, மூணாவது. முதல் நாலைந்து தடவை ஒன்றும் புரியவில்லை, மூன்றும் ஒன்றுபோலவே இருந்தது. அப்புறம் போலீஸ்காரன் மட்டும் மூக்குக்குப் போக ஆரம்பித்தான். மூணாவது போகவில்லை. அத்தையோடு போய் நின்றுகொண்டது.

அதற்குமேல் நிரப்ப எனக்குத் தைரியம் இல்லை. நீதிமன்ற ஐயா சொன்ன மாதிரி, ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை வஞ்சிரம் அலசிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்காமல், "அத்தே, அப்பாவுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சா?" என்றேன்.

அத்தை கையை எடுக்கவில்லை. இரண்டு துண்டு அலசி முடித்தது.

"உனுக்கு யார் சொன்னது?"

"ஆயாதான்."

"அது சொல்லாதே," என்றது அத்தை.

நான் போனை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் போட்டுக் காட்டினேன். குக்கர் விசிலோடு. அத்தை இன்னொரு தடவை போடச் சொன்னது. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. ஏழு வயசாம் அப்போது அதற்கு. பதினொரு நாள் இருந்ததாம். பேர் வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஏணையை ஆட்டுவது அத்தை வேலையாம். பன்னிரண்டாம் நாள் வந்து பார்த்தால் ஏணைத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது அத்தை 'குழந்தை' என்றும் சொல்லவில்லை, 'பாப்பா' என்றும் சொல்லவில்லை. "அத்த ஆட்டுவேன், அது தூங்கும்" என்றுதான் சொன்னது.

அத்தை சொன்னது எதையும் புத்தகத்தில் சேர்க்கப்போவதில்லை. அது அத்தையின் பேச்சு. வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு பதிவு போடலாம் என்று கேட்டிருக்கிறேன். முதலில் பல்லைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறது.

பெங்களூர்ப் பையன்களுக்காகக் கடைசிப் பக்கத்தில் 40 சொல்லுக்கு அர்த்தம் போட்டிருக்கிறேன். கீது என்றால் இருக்கிறது, குந்து என்றால் உட்கார், அப்பால என்றால் பிறகு. மாமா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இஸ்துக்கினு விட்டுட்டியே" என்றார். அதையும் சேர்த்தாச்சு, 41.

வாத்தியார் ஐயா, ஏழாவது பதிவில் அந்த ஒரு வரியில் மட்டும் 'வந்தாள்' என்று ள் போட்டிருக்கிறேன். பாக்கி எல்லாம் ஆயா விட்டபடியேதான் கீது.